அளக்காத கட்டம்

புவெர்த்தோ கரந்தாய்
9 மார்ச் 1997

என் தங்கச்சி நிமியாவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று பஸ் டிரைவர் தோன் லிப்ரதோ சொன்னார். தலைநகர் அசுன்சியோனில் தங்குகிற இடம் எப்படி, அந்தத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, தலைவலி குறைந்ததா, எல்லாம் எழுது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முட்டி வலிக்கிறது. அது புதுசு இல்லை.

கிரெசென்சியோ போய் இன்றோடு ஐந்து வாரம். ஒன்பது நாள் ஜெபம் முடிகிற வரைக்கும் வீட்டில் ஆள் இருந்தது. இப்போது நானும் கோழிகளும்தான். அவர் இல்லாமல் எதெல்லாம் கஷ்டமாக இருக்கும் என்று பயந்தேனோ அதெல்லாம் வரவில்லை. நேற்று கால் நகம் வெட்ட உட்கார்ந்தேன், குனிய முடியவில்லை. இத்தனை வருஷமும் அவர்தான் வெட்டிவிட்டார். கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மாதக் கடைசியில் லீவு முடிகிறது. ஆஸ்பத்திரிக்கு வேலைக்குத் திரும்பிப் போகவேண்டும். அதுவும் அதே ஆண்கள் வார்டுக்கு.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். நீ கிளம்புகிற அவசரத்தில் கேட்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, சான் பிளாஸ் திருவிழாவுக்கு முந்தின நாள், வார்டில் மதிய டூட்டி உன்னுடையது. வயிற்று ஆபரேஷன் முடிந்து அவருக்கு அது மூன்றாம் நாள். ஒரு மணிக்கு நான் குளித்துவிட்டு வரலாமென்று வீட்டுக்குப் போனேன். திரும்பி வரும்போது மணி ஆறு. முகத்தை மூடியிருந்தார்கள். உள்ளுக்குள் இரத்தம் போயிருக்கிறது, திடீரென்று நடந்தது என்று டாக்டர் ஓவெலார் சொன்னார். சரி. ஆனால் அந்த இடைவெளியில் அவர் எப்படி இருந்தார்? ஏதாவது சொன்னாரா? நீதான் பக்கத்தில் இருந்தாய். அதை எழுது.

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நான் ஆறாம் வகுப்பு, நீ பட்டம் வாங்கின நர்ஸ்.

நேரத்துக்குச் சாப்பிடு.
உன் அக்கா சுனில்தா


அசுன்சியோன்
30 மார்ச் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? நான் நலம். மூன்று பேர் ஒரே அறையில் இருக்கிறோம், ஜன்னல் கிடையாது, மற்றபடி பரவாயில்லை. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். படிப்பு நெருக்குகிறது.

அத்தான் அமைதியாகத்தான் இருந்தார், அக்கா. அதை நினைத்து நீ உன்னை வருத்திக்கொள்ளாதே.

இந்தப் படிப்பைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். நர்ஸ் வேலையில் தலைமை தாங்குவது எப்படி என்பதுதான் பாடம். புத்தகத்தில் இருக்கிற கோட்பாட்டை வார்டில் நடக்கிற நடைமுறையோடு சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் வீண் என்று ஆசிரியை சொல்கிறார். அதனால் ஒவ்வொருவரும் தன் சொந்த ஆஸ்பத்திரியில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்து, அதை எழுதிச் சமர்ப்பிக்கவேண்டும். அதில் தேறினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் ஜனவரியில் நம் வார்டுக்கு என்னைத் தலைமை நர்ஸாகப் போடுவார்கள்.

நான் எடுத்துக்கொண்டது, நோயாளியின் இரத்த அழுத்தத்தை மணிக்கணக்கில் குறிக்கிற பிரஷர் தாள். அளந்ததை மட்டும் எழுதுவது. அளக்காவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுவது. அவ்வளவுதான். நான் இங்கே இருக்கிறேன், அங்கே செய்ய உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை. தலைமை என்பது நாற்காலி இல்லை, முதலில் செய்து காட்டுவதுதான் என்று பாடத்தில் இருக்கிறது. அதைப் படிக்கும்போது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

காக்குப்பே மாதா உனக்குத் துணையிருக்கட்டும்.
நிமியா


புவெர்த்தோ கரந்தாய்
20 ஏப்ரல் 1997

நிமியாவுக்கு,

உன் கடிதமும் முட்டிக்கு நீ அனுப்பின மாத்திரையும் வந்தன. நீ நலம் என்று படித்தது நிம்மதி. ஜன்னல் இல்லாத அறையில் தலைவலி வராமல் என்ன செய்யும், சாயந்தரமானால் வெளியே நட. நான் இருக்கிறேன்.

வார்டுக்குப் போகத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. அவர் படுத்திருந்த ஒன்பதாம் நம்பர் கட்டிலில் இப்போது ஒரு மீன்காரன் படுத்திருக்கிறான். முதல் நாள் அந்தப் பக்கமே போகாமல் வேலை பார்த்தேன். மறுநாள் அவனுக்குப் படுக்கை மாற்ற ஆள் இல்லை. போனேன். படுக்கைதானே.

நீ கேட்டதை எர்மெலிந்தாவிடம் சொன்னேன். அவளும் என்னைப் போல உதவி நர்ஸ்தான், ஆனால் வாய் மட்டும் டாக்டருக்குச் சமம். "தலைமையா? நம்ம வார்டுல ஆறு பேருக்கு ஒரே நாற்காலி. அதுக்கும் ஒரு கால் ஆடுது. உன் தங்கச்சி எதுல உக்காந்து தலைமை தாங்கப் போறாளாம்?" என்றாள். நாற்காலி வேண்டாமாம், முதலில் செய்து காட்டினால் போதுமாம் என்றேன். "அப்போ சம்பளமும் நமக்கு வருமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இந்தத் தாள் சங்கதி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். பெரிய வெள்ளம் வந்த வருஷம் இருபத்தாறு கட்டிலுக்கு ஒரே பிரஷர் கருவி. அதையும் பிரசவ வார்டு கடன் வாங்கிக்கொண்டு போகும். தாளில் கட்டம் காலியாக இருந்தால் திட்டு விழும். அதனால் டூட்டிக்கு வந்ததுமே எல்லாத் தாளிலும் 120/80 என்று கடைசிக் கட்டம் வரைக்கும் எழுதி வைத்துவிடுவோம். பிறகு யார் முகம் வாடியிருக்கிறதோ அவர்களை மட்டும் அளப்போம். தாள் சுருக்கமில்லாமல் இருக்கும். அதனால்தான் இஸ்திரி போடுவது என்று பேர் வந்தது. அதை ஆரம்பித்தது நான். புதுசாக வந்த பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததும் நான். நீ மாணவியாக வந்தபோது உனக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

அதனால் நிறுத்துவதையும் நானே செய்கிறேன். போன திங்கள்கிழமை என் எட்டுக் கட்டிலுக்கு அளந்ததை மட்டும் எழுதினேன். இருபத்திநாலு கட்டத்தில் பதினொன்று காலி. பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அவர் அமைதியாக இருந்தார் என்று எழுதியிருக்கிறாய். கிரெசென்சியோ அமைதியான மனுஷர் இல்லை. சூப்பில் உப்பு குறைந்தால் தெரு முழுக்கக் கேட்கும். அமைதியாக என்றால் எப்படி?

உடம்பைப் பார்த்துக்கொள்.
சுனில்தா


அசுன்சியோன்
18 மே 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் கோழிகளும் சுகம்தானே? தெற்குக் காற்று ஆரம்பித்திருக்குமே, கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போ. இங்கே எல்லோருக்கும் சளி, எனக்கு மட்டும் வரவில்லை.

உன் பதினொரு காலிக் கட்டங்களை வகுப்பில் சொன்னேன். ஆசிரியை எழுந்து நின்று, உண்மையான தாள் என்பது இதுதான் என்றார். வாரத்துக்கு எத்தனை காலி என்று தொடர்ந்து குறித்து அனுப்பு, அக்கா. மற்றவர்கள் செய்ய மறுத்தால் கண்டிக்காதே. தவறு செய்தவர் பயமில்லாமல் அதைச் சொல்லக்கூடிய இடமாக வார்டை ஆக்குவதுதான் தலைமையின் முதல் கடமை என்று இந்த வாரப் பாடம்.

வேறொன்றும் இல்லை. தேர்வு இருக்கிறது, சுருக்கமாக முடிக்கிறேன்.

பிரியமுடன்,
நிமியா


புவெர்த்தோ கரந்தாய்
8 ஜூன் 1997

நிமியாவுக்கு,

சளி வரவில்லை என்று எழுதியிருந்தாய், அப்படியே இருக்கட்டும். இங்கே குளிர் எலும்புக்குள் போகிறது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், டூட்டிக்குப் போகிறேன். களைப்பு மட்டும் தூங்கினாலும் போகவில்லை.

உன் பாடம் இங்கே எப்படி நடக்கிறது என்று கேள். எர்மெலிந்தா இரண்டு வாரம் காலி விட்டாள், மூன்றாம் வாரம் மறுபடியும் இஸ்திரி. நீ எழுதினபடி நான் கண்டிக்கவில்லை. அப்புறம் டாக்டர் ஓவெலார் ரவுண்ட்ஸ் வந்தார். தாளைத் தூக்கிப் பிடித்து, "என்ன சுனில்தா இது, பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு?" என்றார்.

"அளக்காததை எழுதல டாக்டர்."

"வியாழக்கிழமை மேலிடத்துலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. நிரப்பி வை."

"எதை வெச்சு நிரப்பறது?"

"இத்தனை வருஷமா எதை வெச்சு நிரப்பினீங்களோ, அதை வெச்சு."

அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அந்தத் தாளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு போயிருக்கிறார். இனிமேல் என் கை அதை எழுதாது, வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுத ஒருத்தரும் வரவில்லை. எர்மெலிந்தாகூட பேனாவைப் பாக்கெட்டில் சொருகிக்கொண்டாள். வியாழக்கிழமை வந்தவர்கள் காலிக் கட்டங்களைப் பார்த்தார்கள், எத்தனை கருவி இருக்கிறது என்று கேட்டார்கள். ஒன்று என்றோம். எழுதிக்கொண்டு போனார்கள்.

போன வாரம் பதினாலாம் நம்பரில் மரம் வெட்டுகிற பையன். தாளில் நாலு மணிக் கட்டம் காலியாக இருந்தது. அது கண்ணை உறுத்தவே, பிரசவ வார்டுக்குப் போய்க் கருவியைப் பிடுங்கிக்கொண்டு வந்து அளந்தேன். 80/50. முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை, சிரித்துக்கொண்டிருந்தான். உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தான். அவன் பெண்டாட்டி என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, நிமியா. கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. போய்க் கருவியை எடுத்து வர எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

இனி மறைப்பதில் அர்த்தமில்லை. கிரெசென்சியோவின் துணியை எடுக்கப்போன அன்றே அவர் தாளைப் பார்த்தேன். இரண்டு மணி 120/80. நாலு மணி 120/80. ஆறு மணி 120/80. அவர் ஐந்து இருபதுக்குப் போய்விட்டார். அந்த எட்டை இரண்டு சின்ன வட்டமாக ஒன்றின்மேல் ஒன்று எழுதியிருந்தது. அப்படி எழுத உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

உன்னை ஜெயிலில் போடவா கேட்கிறேன்? நாலு மணிக்கு அவர் எப்படி இருந்தார் என்று நீ சொல்லவேண்டும். எனக்கு அது போதும்.

சுனில்தா


புவெர்த்தோ கரந்தாய்
27 ஜூலை 1997

நிமியாவுக்கு,

நீ நலமாக இருக்கவேண்டும். ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கடிதம் கொண்டுவருகிற பஸ் வரும் நாளெல்லாம் போய் நிற்கிறேன், தோன் லிப்ரதோ என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொள்கிறார். பாவம், அவர் என்ன செய்வார்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி அவருக்கு ஆறாம் மாதப் பூசை. நீ வரவேண்டாம், செலவு. ஜூலையில் காலிக் கட்டம் வாரத்துக்கு நாற்பது, முப்பத்தாறு, முப்பத்தொன்று. உன் படிப்புக்கு வேண்டுமே என்று எழுதினேன்.

இனிமேல் அதைக் கேட்கமாட்டேன்.

சுனில்தா


அசுன்சியோன்
31 ஆகஸ்ட் 1997

அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. இதை ஏழு தடவை எழுதிக் கிழித்தேன்.

அன்றைக்கு நானும் ஒரு உதவி நர்ஸும் மட்டும்தான். மற்றவர்கள் திருவிழா வேலைக்கு லீவு போட்டிருந்தார்கள். இரண்டே காலுக்கு எல்லாத் தாளிலும் கடைசிக் கட்டம் வரைக்கும் எழுதினேன். கருவி பிரசவ வார்டில் இருந்தது.

நாலு மணிக்கு ஒன்பதாம் நம்பர் பக்கம் போனேன். வெளியே நாற்பது டிகிரி வெயில். அத்தான் என் கையைப் பிடித்து, "நிமியா, குளிருதும்மா" என்றார். போர்வை தேடினேன், அலமாரி பூட்டியிருந்தது, சாவிக்கு அலைந்தேன். திரும்பி வந்தபோது, "சொந்தக்காரி டூட்டியில இருந்தா இதான் கதி. ஒரு போர்வைக்கு ஊரெல்லாம் கெஞ்சணும். உங்க அக்காகிட்ட சொல்றேன் இரு" என்று சிரித்தார். கை ஜில்லென்று இருந்தது. நெற்றி வியர்த்திருந்தது. இதெல்லாம் உள்ளே இரத்தம் போகிற அடையாளம் என்று எனக்குத் தெரியும், அக்கா. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

தாளைப் பார்த்தேன். நாலு மணிக் கட்டம் நிரம்பியிருந்தது. 120/80. நானே எழுதினது. ஆனால் நிரம்பின கட்டத்தைப் பார்த்ததும், அளந்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறார் என்றே என் மனசு நம்பிவிட்டது. அதை உனக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. போர்வையைப் போர்த்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். ஐந்தே காலுக்கு உதவி நர்ஸ் கூப்பிட்டாள்.

அதனால்தான் இந்தத் தாளை எடுத்துக்கொண்டேன். என் கட்டுரையில் 'ஒரு நோயாளி' என்று எழுதியிருக்கிறேன். ஆசிரியை அந்த இடத்தைப் பாராட்டி அடிக்கோடு போட்டிருக்கிறார்.

அக்டோபரில் தேர்வுக் குழு முன்னால் பேசவேண்டும். 'ஒரு நோயாளி' இல்லை, என் அக்கா புருஷன், எழுதினது நான் என்று சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு நான் அங்கே வரவேண்டாம் என்று நினைக்கிறேன். இங்கே ஒரு கிளினிக்கில் வேலை கேட்டு வைத்திருக்கிறேன். மன்னித்தேன் என்று நீ எழுதவேண்டாம். வராதே என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

நிமியா


புவெர்த்தோ கரந்தாய்
14 செப்டம்பர் 1997

நிமியாவுக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். இப்போது என்னால் எழுத முடியாது. நேரத்துக்குச் சாப்பிடு.

சுனில்தா


அசுன்சியோன்
19 அக்டோபர் 1997

அக்கா,

நீ சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நான் சாப்பிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை பேசினேன். பேர் சொன்னேன், நேரம் சொன்னேன். குழுவில் ஒருவர் ஃபைலை மூடிவைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியை மட்டும், "உங்க வார்டுல அதுக்கப்புறம் இது நின்னுதா?" என்று கேட்டார். நின்றது, ஆனால் நிறுத்தியது நான் இல்லை, ஆறாம் வகுப்பு படித்த என் அக்கா என்றேன். சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நடந்ததை நம் ஆஸ்பத்திரிக்கும் எழுதிவிட்டார்கள். டாக்டர் ஓவெலார் உன்னைக் கூப்பிடலாம்.

கிளினிக்கில் டிசம்பர் ஒன்றாம் தேதி சேரச் சொல்கிறார்கள். உன் வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன்.

நிமியா


புவெர்த்தோ கரந்தாய்
9 நவம்பர் 1997

நிமியாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஜுரம், அதனால்தான் தாமதம். இப்போது பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. பொய்யாக எழுதுவதை இந்த வருஷம்தான் விட்டிருக்கிறேன். குளிருதும்மா என்று அவர் சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்குப் போர்வை போர்த்திக்கொண்டு படுக்க முடியவில்லை. அதே சமயம், உங்க அக்காகிட்ட சொல்றேன் இரு என்றாராமே. அதுதான் கிரெசென்சியோ. அமைதியாக இருந்தார் என்று நீ எழுதியபோது எனக்கு யாரோ ஒருத்தருடைய பிணத்தைக் கொடுத்தது போல இருந்தது. இப்போதுதான் என் புருஷனைக் கொடுத்திருக்கிறாய்.

அவர்கள் எழுதின கடிதம் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று, டூட்டி மாற்றும்போது எல்லோரும் நின்றிருந்தார்கள். டாக்டரும் இருந்தார். எனக்குப் பேசத் தெரியாது, உனக்குத் தெரியும். இந்த வார்டில் இஸ்திரி போட ஆரம்பித்தது நான், அது என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது என்று சொன்னேன். அப்புறம் எர்மெலிந்தா, "நீ ஒரு வார்டுக்குத்தான் போட்டே. நான் பிரசவ வார்டுக்கும் சேத்துப் போட்டிருக்கேன்" என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ மே மாதம் எழுதினாயே, பயமில்லாமல் சொல்கிற இடம் என்று, அது இதுதானா என்று தெரியவில்லை. எல்லோருக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னார்கள்.

மறுநாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் தங்கச்சியைத் தலைமை நர்ஸா போட்டா, நாளைக்கு அவ பேச்சை யாரு கேப்பாங்க சுனில்தா?" என்றார்.

"அவ ஒருத்திதான் யாரும் கேக்காம வாயைத் திறந்தவ டாக்டர். மத்தவங்கள்ல ஒருத்தரைப் போடுங்க, ஆறு மாசத்துல தாள் மறுபடியும் அழகாயிடும்."

ஜனவரி டூட்டிப் பட்டியலில் அவர் உன் பேரைத் தலைமை நர்ஸாக எழுதியிருக்கிறார்.

கிளினிக் வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு வா. பட்டியலை நானும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதிய டூட்டிக்கு உன் பேருக்குப் பக்கத்தில் ஆள் இல்லாமல் இருந்தது. அந்த டூட்டியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. நான் என் பேரை எழுதச் சொன்னேன். இரண்டு மணி, நாலு மணி, ஆறு மணி. உன்னோடு என்ன பேசுவேன், பேசுவேனா, எனக்குத் தெரியாது. வீட்டில் பேசாவிட்டாலும் வார்டில் வேலை நடக்கவேண்டும். கட்டில் கட்டிலாக நீ அளந்து சொல்லு. நான் எழுதுகிறேன்.

சுனில்தா